தேமல் என்று யார் சொன்னது?

மாணவர்களே, உங்கள் தம்பியின் கன்னத்தில் வெளிறிய வட்டம் ஒன்று தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி, "வயிற்றில் பூச்சி இருக்கும்" என்பார். அத்தை, "தேமல்தான், போய்விடும்" என்பார். அக்கா, லிட்டில் இந்தியாவில் வாங்கிய முகக் கிரீமை எடுத்து நீட்டுவார். மூவரும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது என்ன என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

தேமல் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல நோய்களைப் போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் கன்னத்தில் வரும் உலர்ந்த, மங்கலான வட்டம் பெரும்பாலும் தோல் வறட்சியால் வருவது. பூச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாதக்கணக்கில் இருந்துவிட்டுத் தானே மறையும். மார்பிலும் முதுகிலும் பரவி, சுரண்டினால் தவிடு போல உதிர்வது மலசீசியா என்ற ஈஸ்ட் செய்யும் வேலை; அதற்குப் பூஞ்சைக்கான மருந்து வேண்டும். பால் போல வெளுத்து, ஓரம் தெளிவாகத் தெரிவது வெண்புள்ளி. அது தொற்றாது. தொழுநோய்க்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. 'வெண்குஷ்டம்' என்று பழைய பெயரில் அழைத்தே எத்தனையோ பேரை ஒதுக்கி வைத்தோம்.

நான்காவது ஒன்று உண்டு. அதுதான் தொழுநோயின் தொடக்கத் திட்டு. பால் வெள்ளையாக இராது, சற்றே வெளிறியோ சிவந்தோ இருக்கும். அரிக்காது, வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து. மருத்துவர் பிள்ளையின் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டைத் தொட்டு, "எங்கே தொட்டேன், காட்டு" என்பார். உணர்ச்சி குறைந்திருந்தால் பிள்ளையால் சரியாகக் காட்ட முடியாது. முகத்தில் நரம்புகள் மிகுதி என்பதால் அங்குள்ள திட்டில் உணர்ச்சி குறையாமலும் இருக்கலாம். ஆகவே இந்தச் சோதனையை நீங்களே செய்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

பினாங்குக்காரர்கள் இந்த நோயை மறக்கக் கூடாது. கிழக்குக் கரைக்கு அப்பால் தெரியும் ஜெரஜாக் தீவில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். 1930இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. அன்று மருந்து இல்லை, தீவு இருந்தது. இன்று 6 அல்லது 12 மாத மாத்திரையில் நோய் குணமாகிறது. விரல்கள் அழுகி விழுவதாக மக்கள் நம்பிய காலத்தில், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் வேறொன்றைக் கண்டார். நோயாளிக்குச் சூடும் காயமும் தெரியவில்லை. அந்தக் காயங்களும் அவற்றில் சேரும் தொற்றும்தான் விரல் எலும்பைக் கரைத்தன. தோலில் தொடங்கியது எலும்பில் முடிந்தது. மலேசியாவில் 1994லேயே தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இறங்கிவிட்டது. ஆனாலும் புதிய நோயாளிகள் இன்னும் கண்டறியப்படுகிறார்கள்.

இப்போது அக்காவின் கிரீமுக்கு வருவோம். முறையாகப் பதிவான கிரீம்களைப் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் பாதரசம், ஹைட்ரோகுவினோன், பெட்டாமெத்தசோன் வேலரேட் கலந்த அழகுப் பொருள்களின் பெயர்களைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. அவ்வப்போது வெளியிட்டுத் தடை செய்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் பல்லாண்டாக இதைச் சொல்லி வருகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அதைப் படர்தாமரை மேல் பூசினால் சிவப்பும் அரிப்பும் அடங்கும், அடியில் பூஞ்சை நிம்மதியாக வளரும். மருத்துவர் பார்க்கும்போது நோயின் உருவமே மாறியிருக்கும். சிறு பிள்ளைக்குப் பெரிய பரப்பில் நீண்ட நாள் பூசினால் மருந்து உடலுக்குள் சென்று வளர்ச்சியையும் குறைக்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தோல் அழற்சி என்றால் 'சிவந்திருக்கும்' என்று புத்தகங்கள் சொல்லும். கறுத்த தோலில் அது சாம்பலாகவோ ஊதாவாகவோ பழுப்பாகவோதான் தெரியும். லண்டனில் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே, பாடப் படங்கள் வெள்ளைத் தோலையே காட்டுவதைக் கண்டு, 2020இல் ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து கறுத்த தோலுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டார். உங்களைப் போல வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்தான் அவரும். கைப்பேசியில் படம் தேடி நோயைக் கண்டுபிடிக்க நினைப்பவர்கள், அந்தப் படங்கள் யாருடைய தோலில் எடுக்கப்பட்டவை என்று முதலில் பாருங்கள்.

வெளுப்பு ஆசை எலும்பையும் விட்டுவைப்பதில்லை. "வெயிலில் ஆடாதே, கறுத்துப் போவாய்!" இதைக் கேட்காத தமிழ்ப் பெண் பிள்ளை உண்டா? வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் தோல் வைட்டமின் டி தயாரிக்கும். அது இல்லையேல் உணவிலுள்ள கால்சியம் எலும்புக்குச் சரியாகச் சேராது. கடுமையாகக் குறைந்தால் சிறு பிள்ளைகளின் கால் வளையும், மணிக்கட்டு புடைக்கும். அதுதான் ரிக்கெட்ஸ். 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கைக் கொண்டே அதைக் குணமாக்கிக் காட்டினார். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகையில், விளக்கே தேவையில்லை. அப்படியிருந்தும், 2013இல் வெளியான மலேசியச் சிறார் ஊட்டச்சத்து ஆய்வில், இரத்தம் சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. கறுத்த தோலின் மெலனின் கதிரைத் தடுப்பதால் நமக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை. விடிந்தவுடன் வரும் இளவெயிலும் இதற்கு அவ்வளவாக உதவாது. உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருக்கும்வரை அந்தக் கதிர் குறைவுதான். தோல் எரியுமளவுக்கு நிற்கவும் வேண்டாம்.

கால் வலியையும் இப்படித்தான் தள்ளிவிடுகிறோம். இரண்டு காலிலும் மாலையில் வந்து காலையில் மறைவது வளரும் வயதின் வலியாக இருக்கலாம். ஒரே இடத்தில், ஒரே காலில், நாள் போகப் போகக் கூடி, தூக்கத்தைக் கெடுத்து, வீக்கமோ காய்ச்சலோ நொண்டலோ இருந்தால் அது வேறு. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதற்கு முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அரசாங்கக் கிளினிக்கில் மலேசியர்கள் பொது மருத்துவரைப் பார்க்க 1 ரிங்கிட் போதும். ஒரு கிரீம் டப்பாவுக்கு எவ்வளவு என்று அக்காவைக் கேளுங்கள். போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள், திட்டு முதலில் எங்கே வந்தது, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றி முதுகையும் காட்டச் சொல்லுங்கள். தம்பி வெட்கப்படுவான், பரவாயில்லை.