மூன்றாவது கண் எதற்கு?

லோப்சாங் ராம்பாவின் 'ஞான நூல்கள்' இன்றும் விற்பனையாகின்றன. அவற்றைப் படிக்கலாமா, கூடாதா? நம் கருத்தைச் சொல்லுவோம்.

1956-இல் இலண்டனில் வெளிவந்தது 'மூன்றாவது கண்'. நெற்றியில் துளையிட்டு ஞானக்கண் திறக்கப்பெற்ற திபெத்திய லாமா தாமே என்றார் ஆசிரியர். 1958-இல் குட்டு உடைந்தது! திபெத் ஆய்வாளர்கள் அமர்த்திய துப்பறிவாளர் கண்டுபிடித்த 'லாமா' யார்? சிரில் ஹாஸ்கின் என்ற ஆங்கிலேயர். டெவன் பகுதியைச் சேர்ந்த குழாய்த் தொழிலாளியின் மகன். அகப்பட்டவர் அடங்கினாரா? லாமாவின் ஆவி தம் உடலில் புகுந்துவிட்டது என்றார். மேலும் பல நூல்களை எழுதிக் குவித்தார்!

புனைபெயர் குற்றமல்ல. குழாய்த் தொழில் இழிவல்ல. அது உழைத்து உண்ணும் தொழில். கற்பனையை உண்மையென்று விற்றதே குற்றம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: ஹாஸ்கின் என்ற பெயரில் வந்திருந்தால் அந்நூலை உலகம் சீந்தியிருக்குமா? உழைப்பாளி வீட்டுப் பிள்ளை சொன்னால் உளறல், அங்கி அணிந்தவர் சொன்னால் அருள்வாக்கு! இந்த அடிமைப் புத்திதான் அந்தப் பொய்க்கு மூலதனம்.

ஆகவே தோழர்களே, தடையும் வேண்டாம், தீயும் வேண்டாம். படிப்பகத்தில் கிடைத்தால் கதையாகப் படியுங்கள், வேதமாக ஏற்காதீர்கள். சொன்னவர் உடையைப் பாராதீர்; சொன்னதற்குச் சான்று கேளுங்கள். கேட்கத் துணிந்தவனுக்கு இருக்கும் இரண்டு கண்களே போதும்!