போல்ட்டில் உள்ள எண்

கொல்லிமலை செம்மேட்டில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர், அப்பா விட்டுப்போன .315 இஷாப்பூர் ரைஃபிளைக் காட்டினார். கட்டைக்குப் புது வார்னிஷ். "புதுசு மாதிரி இல்ல சார்?"

நான் எண்ணைப் பார்த்தேன். ஆயுள் முழுக்கக் கோப்பு எண் பார்த்த குமாஸ்தா புத்தி.

இஷாப்பூர், வங்காளத்து அரசுத் தொழிற்சாலைச் சரக்கு. பட்டாளத்து லீ என்ஃபீல்டின் வாரிசு. மௌசரில் போல்ட்டைப் பூட்டும் பற்கள் முன்பக்கம், இதில் பின்பக்கம். அதனால் மட்டம் என்பார்கள். நான் ஒப்பமாட்டேன், இரண்டு உலகப் போர்களில் சேற்றிலும் மணலிலும் வேலை செய்த அமைப்பு அது. ஆனால் போல்ட் அந்தந்தத் துப்பாக்கிக்கென்று அளந்து பொருத்தப்படுவது. உடலில் உள்ள எண்ணே போல்ட் கைப்பிடியிலும் இருக்க வேண்டும்.

நண்பருடையதில் கடைசி இரண்டு இலக்கம் வேறு! எப்போதோ ரிப்பேருக்குப் போன இடத்தில் மாறியிருக்கலாம். வேறு போல்ட் என்றால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி கூடியிருக்கலாம். கூடு கிழிந்தால் சூடான வாயு சுடுகிறவர் முகத்துக்குத்தான் வரும். வார்னிஷா தடுக்கும்?

"வேட்டைதான் 1972 சட்டத்தோட போச்சே, யார் சுடப்போறாங்க?" என்றார். தோட்டா வைத்திருக்கிறாரே!

உரிமத்தை மகன் பெயருக்கு மாற்ற மனு எழுதித் தரச் சொன்னார். முதலில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் அளவு பார்த்து வாருங்கள், பிறகு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வருத்தம் அவருக்கு.