துண்டு வெட்டி அனுப்பிய பிறகு

"இவனை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று கோபத்திலும் கேலியிலும் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மனநோய் வைத்தியசாலை அமைந்த காரணத்தால் ஓர் ஊரின் பெயரே வசைச் சொல்லாகிப் போனது. அந்த வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் பெற்றுவிட்டது. ஆனாலும் நம் நாக்கு இன்னும் பழைய பேச்சையே பேசுகிறது. இந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் எத்தனையோ உம்மாமார் பிள்ளையின் நோயை நான்கு சுவருக்குள் மறைக்கிறார்கள். மகளுக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் அறிந்துவிடுவார்களே என்ற பயம் வாப்பாமாரைக் கட்டிப்போடுகிறது.

இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்டது சொல்லவே கூசும் ஒரு விடயம். தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்ள ஒருவர் முனையும் அந்த ஆபத்தான வேளையில் வீடும் ஊரும் அரசும் என்ன செய்ய வேண்டும் என்பதே அது. மார்க்கம் தடுத்த பெரும் பாவம் இது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. பாவம் என்று சொன்னதோடு நம் கடமை தீர்ந்துவிட்டதா என்பதே கேள்வி.

நம் நாட்டின் அனுபவத்தையே பாருங்கள். 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை உச்சத்தை எட்டியது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. இறந்தவர்களில் மிகப் பலர் பயிர்களுக்குத் தெளிக்கும் பீடைகொல்லியால் இறந்தனர். ஒரு நிமிடக் கோபத்தில் கைக்கு எட்டியது அதுவாகவே இருந்தது. அவ்வாண்டிலிருந்து மனித உயிருக்கு மிகக் கொடியவையான பீடைகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. 1998இலும் 2008ஐத் தொடர்ந்த ஆண்டுகளிலும் மேலும் சில தடைக்குள்ளாயின. பத்தே ஆண்டுகளில், 2005 அளவில், விகிதம் பாதியாகக் குறைந்தது. 1995 முதல் 2015 வரை இத்தடைகளால் சுமார் 93 ஆயிரம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சல் குறைந்துவிடும் என்று சிலர் அச்சம் தெரிவித்தனர். அவ்வாறு குறையவுமில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் பெரிது. உயிரை விடத் துணியும் எண்ணம் பெரும்பாலானோரிடம் நிலைத்து நிற்பதில்லை. அலை போல எழுந்து, சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் ஆள் தப்பிவிடுகிறார். தப்பியவர்களில் மிகப் பலர் பின்னர் பிள்ளை குட்டிகளோடு இயல்பாக வாழ்கின்றனர்.

1998இல் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. அதுவரை நமது தண்டனைச் சட்டக் கோவையின்படி தற்கொலைக்கு முயல்வது சிறையிடத்தக்க குற்றம். பொலிஸுக்குப் பயந்து "தவறுதலாகக் குடித்துவிட்டார்" என்று வைத்தியரிடம் பொய் சொல்ல வேண்டிய நிலைக்குக் குடும்பங்கள் ஆளாயின. அந்தப் பிரிவு அவ்வாண்டில் நீக்கப்பட்டது. பாகிஸ்தான் இதே மாற்றத்தை 2022இல்தான் செய்தது. ஆயினும் பொலிஸ் வந்து பிடித்துச் செல்லும் என்று நம்புவோர் நம்மிடையே இன்றும் உண்டு. இதை அறிந்தவர்கள் அறியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆக, சட்டம் நமக்குக் கால அவகாசத்தைப் பெற்றுத் தந்துள்ளது. அந்த அவகாசத்தில் நாம் என்ன செய்கிறோம்? இறப்பு குறைந்த அளவுக்கு, நஞ்சருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுவோர் தொகை குறையவில்லை. மாத்திரைகளை விழுங்கிவிட்டு வரும் இளவயதினர் அவர்களுள் பலர். வயிறு சுத்தமானதும் இரண்டொரு நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்தத் துயரம் அந்தப் பிள்ளையை அங்கே கொண்டுவந்ததோ, அதே துயரத்துக்கு அவள் திரும்பிப் போகிறாள்.

இந்த இடைவெளியை அடைக்கப் பெரும் பணம் தேவையில்லை என்பதற்குச் சான்று உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் கொழும்பு, சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் 1,867 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று வைத்தியசாலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை மட்டும் கொடுக்கப்பட்டது. மற்றப் பகுதியினரோடு வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரம் ஆறுதலாகப் பேசினார்கள். பின்னர் பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். செய்தது இவ்வளவுதான். 2008இல் முடிவு வெளியானது. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் பின்னர் தற்கொலையால் இறந்திருந்தனர். நலம் விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 மட்டுமே.

நோயாளியை நலம் விசாரிக்கப் போவது நமக்குப் புதிய செய்தியா, சகோதரர்களே? அது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் செய்ய வேண்டிய கடமை அல்லவா? 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரி வைத்தியசாலை வக்பு வருமானத்தில் இயங்கியது. அங்கே மனநோயாளருக்கும் இடமிருந்தது. குணமாகி வெளியேறும் ஏழை உடனே வேலைக்கு ஓடாதிருக்கக் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினார்கள் என்று வரலாறு கூறுகிறது. வாசலைத் தாண்டிய பிறகும் நோயாளி தம் பொறுப்பே என்று அவர்கள் கருதினார்கள்.

இனி அரசின் பக்கம் வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் மருதமுனையிலும் சாய்ந்தமருதுவிலும் அம்பாந்தோட்டையிலும் நம்மவரின் வீடுகளை மட்டுமா உடைத்தது? மனங்களையும் உடைத்தது. அந்தப் பேரழிவு கண்களைத் திறந்துவிட, 2005இல் தேசிய மனநலக் கொள்கை ஏற்கப்பட்டது. எல்லாரையும் அங்கொடைக்கு அனுப்புவதை விடுத்து ஒவ்வொரு மாவட்டத்திலும் அவசர மனநல வார்ட்டு வேண்டும் என்றும், புதிய சட்டம் வேண்டும் என்றும் அது கூறியது. வார்ட்டுகள் பல வந்தன. சட்டமோ, வரைவுகள் எழுதப்பட்ட போதும், அதன் பின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வெள்ளையர் ஆட்சியில் 1873இல் இயற்றப்பட்டு 1956இல் திருத்தப்பட்ட பழைய சட்டமாகவே நீடித்தது.

தேர்தல் வந்தால் பாதையும் பாலமும் கேட்கிறோம். பாராளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது நம் நம்பிக்கையாளர் சபைகள் இவற்றையும் கேட்க வேண்டும். ஆதார வைத்தியசாலையில் மனநல வைத்திய அதிகாரி இருக்கிறாரா? இரவில் வரும் நோயாளியோடு பேச யார் இருக்கிறார்? தமிழில் பேசக்கூடியவரா? பெண்களோடு பேசப் பெண் ஊழியர் உண்டா? துண்டு வெட்டி அனுப்பிய பின் தொலைபேசியில் விசாரிக்க ஓர் ஏற்பாடு உண்டா? உடைந்த மனம் தாய்மொழியில்தான் வாய் திறக்கும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவையும் உள்ளன. "வாழ்வதில் பயனில்லை" என்று ஒருவர் சொன்னால் மிரட்டலென்று தள்ளாதீர்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே, அன்பாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, மனம் திறக்கவே அது வழி செய்யும். தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் தோட்டத்து மருந்துகளையும் பூட்டி வையுங்கள். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஓதிய கையோடு வைத்தியசாலைக்கும் கொண்டு செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

உலமாப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். இப்படி ஒரு மௌத் நேர்ந்த வீட்டில் ஜனாஸாத் தொழுகைக்கே தயங்கும் மனிதர்களைக் காண்கிறோம். தற்கொலை செய்துகொண்டவருக்கும் ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. மதி மயங்கியவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பதும் நீங்கள் அறிந்ததே. இறந்தவரின் தீர்ப்பை அல்லாஹ்விடம் விட்டுவிட்டு, எஞ்சியிருக்கும் உம்மாவையும் பிள்ளைகளையும் பற்றி இரண்டு வார்த்தை மிம்பரில் பேசுங்கள். கந்தூரிக்குக் கூடும் ஊர் அந்த வீட்டு வாசலுக்கும் போகட்டும்.

உயிர்களைக் காக்கும் நல்ல சட்டங்களையும், உடைந்தவரைத் தேடிச் சென்று நலம் கேட்கும் நல்ல உள்ளங்களையும் வல்ல நாயன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.