நிரந்தரமா, ஒப்பந்தமா, ஆலோசகரா?

போன மாதம் களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தங்கை மூன்று கடிதங்களோடு என்னிடம் வந்தார். ஏழு வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தில் மனிதவள உத்தியோகத்தர். மற்றவர்களுக்கான நியமனக் கடிதம், லீவு, சம்பளச் சிட்டை எல்லாம் இவர் கையால்தான் போகும். இப்போது செயற்றிட்டம் முடிகிறது, இவருக்கே வேலை இல்லை.

முதற் கடிதம் நகரத்தில் ஒரு நிதிக் கம்பனியிலிருந்து: நிரந்தர வேலை, 60,000 ரூபாய். இரண்டாவது, பிரசவ லீவில் போகும் ஒருவரின் இடத்துக்கு ஒன்பது மாத ஒப்பந்தம், 80,000. மூன்றாவது 'மனிதவள ஆலோசகர்', ஒரு வருடத்துக்கு மாதம் 95,000. தாய்க்கு நிரந்தரம்தான் வேணும். நம்முடைய பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தானே கலியாணம். இவருடைய வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. வங்கியில் கடன் கேட்டால் நிரந்தர நியமனக் கடிதம் எங்கே என்கிறார்கள்.

இருவருமாக இருந்து கணக்குப் பார்த்தோம். ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 சதவீதம் கழிப்பார்கள். அதற்கு மேல் நிறுவனம் தன் பணத்தில் 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் போட வேண்டும். இது நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தற்காலிகமாக எடுத்தவருக்கும் உண்டு. ஆகவே 80,000 ரூபாய் ஒப்பந்தத்தின் உண்மையான பெறுமதி 92,000. ஆலோசகருக்கோ 95,000 மட்டும்தான். அந்த 3,000 ரூபாய்க்காகச் சம்பளத்தோடு லீவும் பிரசவ லீவும் போய்விடும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளைக்கும் 84 நாள் லீவு உண்டு. ஆனால் அது ஊழியருக்கு.

மூன்றாவது கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். காலை 8.30க்கு வந்து கையொப்பமிட வேண்டும், வேறிடத்தில் வேலை செய்யக் கூடாது, லீவுக்குப் பணிப்பாளரின் அனுமதி வேண்டும். இதற்குப் பெயர் ஆலோசகரா? நாலைந்து இடத்துக்குத் தன் நேரத்துக்கு வேலை செய்துகொடுப்பவர்தான் ஆலோசகர். பத்து, பதினைந்து வருட அனுபவமும் கையில் ஆறு மாதச் செலவுக்குக் காசும் உள்ளவருக்கு அது நல்ல தொழில். வழக்கென்று வந்தாலும் கடிதத்திலுள்ள பெயரை மட்டுமல்ல, வேலை எப்படி நடந்தது என்பதையும் பார்ப்பார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு இங்கே வந்த நிறுவனங்களில் எங்கள் அக்காமார் எத்தனையோ பேர் இந்தத் தொழிலைப் பழகினார்கள். திட்டங்கள் முடிய, சான்றிதழோடு வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் ஒன்று நடந்தது. ஓரிடத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நடுவில் இரண்டு வாரம் நிறுத்தி, திரும்ப எடுப்பார்கள். பணிக்கொடைக்கு ஐந்து வருடச் சேவை வேண்டுமென்று பிறகுதான் விளங்கியது. தொழில் திணைக்களத்தில் போய்க் கேட்டிருக்கலாம். வெட்கத்தில் கேட்கவில்லை.

வீட்டுக் கடன் இல்லாவிட்டால் ஒன்பது மாத வேலையை எடுக்கச் சொல்லியிருப்பேன். இப்போதைக்கு நிதிக் கம்பனிதான் சரி என்றேன். தங்கை உடனே தலையாட்டவில்லை. மூன்றாவது இடத்துக்குப் போய், "ஆலோசகர் வேணாம், சேமலாப நிதியோடு ஒரு வருட ஒப்பந்தம் தாருங்கோ, 85,000 போதும்" என்று கேட்டிருக்கிறார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்களாம். நிதிக் கம்பனி வெள்ளிக்கிழமை வரைதான் தவணை கொடுத்திருக்கிறது.