கலாசாலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டாமா?

ஆரம்பப் பாடசாலையில் அரிச்சுவடி போதிப்பவருக்கும் பயிற்சி அவசியமென்று நமது தேசத்துச் சட்டம் விதிக்கிறது. உயர்தரப் பள்ளி உபாத்தியாயருக்குரிய பி.எட். படிப்பை, 2014-ம் வருஷத்து விதிகள் இரண்டு வருஷமாக்கி, அதில் 20 வாரம் பள்ளியிலேயே பயில வேண்டுமென்றும் வகுத்தன. கலாசாலையில் போதிக்க வருபவர் விஷயம் என்ன? எம்.ஏ. பட்டத்துடன் 'நெட்' பரீட்சையில் தேறியிருந்தால் போதும்; ஒரு வகுப்பையேனும் பிறர் பார்க்க நடத்திக் காட்டியிருக்க வேண்டியதில்லை. 1989 முதல் நடந்துவரும் அப்பரீட்சையின் முதல் தாள் போதனா சக்தியையும் சோதிக்கிறதாம்! நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கத் தெரிந்தவருக்கு நாற்பது மாணவரின் முகக்குறிப்பை அறியத் தெரியுமென்பது என்ன நியாயம்? நீச்சலை ஏட்டில் பரீட்சித்து ஆற்றில் இறக்குவதற்கு இது ஒப்பாகும்.

வேலையில் அமர்ந்தபின் ஒரு மாத அறிமுகப் பயிற்சி உண்டே என்பர். அது நல்லதே. ஆயினும், தம் வகுப்பில் தம் மாணவர் முன் நடப்பதை அனுபவசாலி ஒருவர் கண்டு சொல்வதற்கு அது ஈடாகாது.

நாம் வேண்டுவது பெருஞ்செலவுள்ள காரியமன்று. புதிய ஆசிரியர் முதற் பருவத்தில் வாரம் ஒரு முறை மூத்தவரொருவரின் வகுப்பில் கடைசி வரிசையில் அமரட்டும். கேள்வி கேட்டபின் அவர் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறார், தமிழில் படித்துவந்த மாணவன் இங்கிலீஷ் பிரசங்கத்தில் எவ்விடத்தில் வழி தவறுகிறான், பின்வரிசையார் எப்பொழுது எழுதுவதை நிறுத்துகின்றனர் என்று குறித்துக்கொள்ளட்டும். பின்னர் மூத்தவர் இவர் வகுப்பில் அமர்ந்து, கண்டதை அன்றைக்கே தனிமையில் எடுத்துரைக்கட்டும்.

இதில் ஓர் அபாயமுண்டு. இங்கிலாந்தில் பள்ளிப் படிப்புக்குப் பிந்திய தொழிற் கலாசாலைகளில், பரிசோதகர்கள் பாடத்தைப் பார்வையிட்டுத் தரம் போட்டு வந்தனர். பார்வையிடும் நாளுக்கென்று அலங்காரப் பாடம் தயாராவதற்கே அது இடங்கொடுத்ததென்ற கண்டனம் பலமாக எழுந்தது. 2015-ல் தனிப் பாடங்களுக்குத் தரம் போடுவதைப் பரிசோதகர்கள் கைவிட்டனர். ஆகையால் இங்கும் பார்வையிடுதலைச் சம்பள உயர்வோடும் பதவி உயர்வோடும் பிணைக்கலாகாது. பயந்தவன் குறையை மறைப்பான். கற்க வந்தவனே அதைக் காட்டுவான்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாயிலை மிதிக்கும் கிராமத்துப் பிள்ளைகள் இன்று அநேகர். புதிய ஆசிரியர் தட்டித் தடவிக் கற்றுக்கொள்ளும் வருஷங்கள் அவர்களுக்குத் திரும்பி வாரா. சர்வகலாசாலைகளும் கலாசாலை நிர்வாகிகளும் சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமல் வரும் பருவத்திலேயே இதைத் தொடங்க வேண்டுமென்பது நமது கோரிக்கை.