வானவில் கொடியும் முள்வேலியும்

கடிதம் ஒன்று எழுதினர் 43 பேர். கண்ணீர்க் கடிதமல்ல, காதல் கடிதமல்ல. இனி இந்தப் பணி செய்யோம் என்று மனச்சான்று உறுத்த எழுதிய மறுப்புக் கடிதம். எழுதியவர்கள் யார்? இஸ்ரேலின் 8200 என்னும் உளவுப் பிரிவில் பணியாற்றியவர்கள். ஆண்டு 2014. பாலஸ்தீன மக்களின் அந்தரங்கத்தை ஒட்டுக் கேட்பதையும், ஒருவன் தன்பால் ஈர்ப்புடையவன் என்று தெரிந்தால் அதையும் குறித்து வைப்பதையும், அதைக் காட்டி மிரட்டி அவனை ஆள்காட்டி ஆக்குவதையும் அவர்களே சாட்சியாகச் சொன்னார்கள்.

அதே இஸ்ரேல் உலகுக்குக் காட்டும் முகம் என்ன? "எங்கள் டெல் அவிவைப் பாரீர்! வானவில் கொடி பறக்கிறது பாரீர்!" தன்பால் உறவுக்குத் தண்டனை என்ற சட்டம் அங்கே 1988இல் நீங்கியது. மறுப்பார் இல்லை. ஆனால் அது ஆளவந்தார் போட்ட பிச்சையல்ல. போராடியோர் பெற்ற உரிமை. அவர்களுக்கும் இன்னல் தீர்ந்தபாடில்லை. 2015இல் ஜெருசலேம் பேரணியில் மதவெறியன் கத்திக்கு 16 வயதுச் சிறுமி இரையானாள். அப்படிக் குருதி சிந்தி ஏந்திய கொடியை எடுத்து, 1967 முதல் நடக்கும் ஆக்கிரமிப்பின் மீது போர்வையாகப் போர்த்துகிறார்களே, நியாயமா? 2023 நவம்பரில் காசாவின் இடிபாடுகளுக்கிடையே அந்தக் கொடியை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார் ஒரு சிப்பாய். அரசே அதைப் பரப்பிற்று. இடிந்த வீட்டில் இருந்தவன் யாரைக் காதலித்தான் என்று கேட்டுவிட்டா குண்டு விழுந்தது?

மறுபக்கமும் பார்ப்போம், தோழர்களே! அல்-கவ்ஸ் என்ற பாலஸ்தீன அமைப்பு கூட்டம் நடத்தக் கூடாதென்று 2019 ஆகஸ்டில் மேற்குக் கரையில் தடை போட்டது பாலஸ்தீனக் காவல்துறை. பண்பாட்டுக்கு முரணாம்! கண்டனம் கிளம்பியதும் அறிவிப்பை விலக்கிக்கொண்டனர். பண்பாடு பேசுவோரைக் கேட்கிறேன்: காசாவில் இவர்களைத் தண்டிக்க இருக்கும் சட்டம் யார் எழுதியது? 1936இல் பிரிட்டிஷ் ஆட்சி எழுதியது! 1860இல் நம் தலையில் 377ஆம் பிரிவைச் சுமத்திய அதே வெள்ளை ஆட்சி. நாம் அந்தச் சுமையை இறக்கவே 2018 ஆயிற்று. அந்நியன் தந்த விலங்குக்குப் பண்பாடென்று பெயரா?

உளவாளியின் மிரட்டல் ஏன் பலிக்கிறது? "ஊருக்குச் சொல்லிவிடுவேன்" என்ற ஒரு சொல்தான் அவன் தூண்டில். "சொல்லிக்கொள், அவன் எங்கள் பிள்ளை" என்று ஊரே சொன்னால் தூண்டில் முள் முறியும். "முதலில் நாடு, இதெல்லாம் பிறகு" என்று சொந்தப் பிள்ளையைத் துரத்துகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, பகைவன் தூண்டிலுக்குக் கூர் தீட்டித் தருகிறார்.

இதைத்தான் அல்-கவ்சும், ஹைஃபா நகரின் அஸ்வாத் என்ற பெண்கள் அமைப்பும் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகின்றன. ஆக்கிரமிப்புக்கு விளம்பரமாகவும் ஆகமாட்டோம். விடுதலைக்கு வேண்டாதவராகவும் ஆகமாட்டோம் என்பதே அவர்கள் நிலை. இரு பக்கமும் அடி வாங்கி நிமிர்ந்து நிற்கும் நிலை!

விடுதலை கூறுபோட்டு விற்கும் சரக்கல்ல. நாட்டைப் பூட்டிய விலங்கும் ஒடிய வேண்டும், வீட்டுக்குள் பூட்டிய விலங்கும் ஒடிய வேண்டும். ஒன்றை ஒடித்து மற்றொன்றைப் பூட்டுபவன் விடுதலை வீரன் அல்லன், விலங்கு மாற்றுபவன்!