மாத்திரை போட்டுட்டு நைட் ஷிஃப்டா?

ஓசூர் சிப்காட் பக்கம் தும்மல் வந்தா நம்மாளுங்க நேரா மெடிக்கல் ஷாப்புக்குத்தான் போவாங்க. "தும்மலுக்கு ஏதாச்சும் குடுங்க"ன்னா ரெண்டு மாத்திரையை வெட்டித் தருவாங்க. அவில், இல்லைன்னா சிபிஎம். விழுங்கிட்டு பைக்கை எடுத்தா நைட் ஷிஃப்ட்.

இதில் என்ன தப்பு? சொல்றேன்.

தூசியோ பார்த்தீனிய மகரந்தமோ ஒத்துக்கலைன்னா, மூக்கில் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். அது எச்1 ரிசெப்டரில் போய் உட்கார்ந்ததும் அரிப்பு, தும்மல், மூக்கொழுகல். மாத்திரை ஹிஸ்டமினை அழிக்காது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி அந்த இடத்தைப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான்.

சிக்கல் என்னன்னா, மூளையில் நம்மை முழிச்சிருக்க வைக்கிறதும் இதே ஹிஸ்டமின். அவில், சிபிஎம் மாதிரி பழைய மருந்துகள் அங்கேயும் துண்டு போட்டுடும். செட்ரிசின் கொஞ்சம் பரவாயில்லை. ஃபெக்ஸோஃபெனடின் மூளைக்குள் கிட்டத்தட்ட போறதே இல்லை.

தூக்கம் தெரியாவிட்டாலும் கவனம் மந்தமாகலாம். பிரஸ் மெஷின் முன்னாடியோ, கிருஷ்ணகிரி ரோட்டில் லாரிகளுக்கு நடுவிலோ, அரை நொடி தாமதம் போதும். விரலோ உயிரோ போயிடும்.

1945 மருந்து விதிகளின் ஜி அட்டவணையில் பல ஆன்டிஹிஸ்டமின்கள் இருக்கு. டாக்டர் மேற்பார்வை இல்லாம சாப்பிடுறது ஆபத்துன்னு லேபிளில் போடணும். பொடி எழுத்து இங்கிலீஷில் போட்டு யாருக்கு லாபம்? அட்டையை வெட்டினா அந்த வரியும் கடையிலேயே தங்கிடும்.

தமிழோ கன்னடமோ இந்தியோ, வாங்க வந்தவர் பாஷையில் "தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க"ன்னு கடைக்காரர் சொல்றதுதான் நியாயம். சொல்லலைன்னா நாமே கேட்டுடுவோம்: "அண்ணே, நைட் ஷிஃப்ட் போறேன். இது தூக்கம் வருமா?"